போகி என்றொரு கர்னல் இருந்தார்

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. அன்று காலை இந்தியாவில் திடீரென்று கோடிக்கணக்கான கோல்ஃப் நிபுணர்கள் முளைத்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரு அதிதி அசோக் பதக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று செய்தி பரவியது. தண்டலத்தில் நைட் ஷிஃப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள்கூடத் தூங்கப் போகாமல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து செல்போனை முறைத்தார்கள். "பேர்டின்னா நல்லதாம்டா." "போகின்னா?" "அது ஆகாது." இந்த அளவு ஞானத்தோடு ஒரு தேசமே பிரார்த்தனை செய்தது. அதிதிக்கு ஒரே ஒரு அடியில் பதக்கம் போயிற்று, நான்காவது இடம். சாயங்காலம் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வாங்கிவிட்டார். காலையில் கோல்ஃப் நிபுணர்களாக இருந்த அத்தனை பேரும் ராத்திரி சாப்பாட்டுக்குள் ஈட்டி நிபுணர்களாகிவிட்டார்கள். பேர்டியும் போகியும் பாதியில் நின்றுபோயின.

மற்ற ஊர்க்காரர்கள் அதை அப்படியே விட்டுவிடலாம். தண்டலத்துக்காரர்களால் முடியாது. பெங்களூரு ஹைவேயில் போனால் இருங்காட்டுக்கோட்டை, அதைத் தாண்டினால் ஸ்ரீபெரும்புதூர், தெற்கே திரும்பினால் ஒரகடம். கொரியாக்காரரும் ஜப்பான்காரரும் நமக்குச் சம்பளம் போடுகிற ஊர். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவர்களுடைய கார்கள் சென்னைப் பக்கம் போகும்போது டிக்கியில் ஆளுயரப் பை ஒன்று படுத்திருக்கும். ஜப்பான்காரர் ஒருவருக்குக் கார் ஓட்டுகிற நம்மூர்த் தம்பி கேட்டார்: "தை மாசத்துக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு. இவரு திரும்பி வர்ற வழியெல்லாம் போகி போகின்னு பொலம்பிக்கிட்டே வர்றாரு அண்ணே. எரிக்கப் பழைய பாய் ஏதாவது வேணுமா, கேட்டுச் சொல்லுங்க."

அந்தத் தம்பிக்காகத்தான் இதை எழுதுகிறேன். கேட்பதற்குக் கோட்டு சூட்டு போட்ட சொற்களாகத் தெரியும். வரலாற்றைக் கிளறினால் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வெட்டிப் பேச்சிலும் பந்தயத்திலும் பிறந்தது என்பது தெரிந்துவிடும்.

முதலில் ஆட்டம். கோல்ஃப் என்பது நூறு ஏக்கரில் ஆடுகிற கிட்டிப்புள், அவ்வளவுதான். புள்ளுக்குப் பதில் பந்து, அடித்த பிறகு எடுத்து வர ஓர் ஆள். குழிக்குள் பந்து விழ எத்தனை அடி என்பதுதான் கணக்கு. எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

இந்த ஆட்டத்தைப் பற்றி ஸ்காட்லாந்தின் சட்டப் புத்தகத்தில் முதன்முதலில் எழுதப்பட்ட செய்தி, இதை ஒழிக்க வேண்டும் என்பது. 1457-ல் இரண்டாம் ஜேம்ஸ் ராஜா காலத்துப் பார்லிமென்ட் கோல்ஃபுக்கும் கால்பந்துக்கும் தடை போட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்துக்காரன் எப்போது வருவான் என்று தெரியாது. இந்தப் பக்கம் வில் பழக வேண்டிய வாலிபப் பிள்ளைகள் குச்சியால் உருண்டையைத் தட்டிக்கொண்டிருந்தால் எந்த ராஜாவுக்குத்தான் வயிறு எரியாது? 1471-ல் மறுபடி தடை. 1491-ல் மூன்றாம் முறை. ஒரே சட்டத்தை மூன்று தடவை போடுகிறார்கள் என்றால் யாரும் அதை மதிக்கவில்லை என்று பொருள். நம்மூர் நோ பார்க்கிங் போர்டைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் தடையைப் போட்டவர் நான்காம் ஜேம்ஸ். 1502-ல் இங்கிலாந்தோடு சமாதான ஒப்பந்தம் ஆயிற்று. ஆன கையோடு அவரே கோல்ஃப் மட்டை வாங்கினார். அரண்மனைக் கணக்கில் அந்தச் செலவு பதிவாகியிருக்கிறது. வாங்கியது யாரிடம்? பெர்த் என்ற ஊரில் வில் செய்து பிழைத்த ஆசாரியிடம். வில்லைக் காப்பாற்றப் போட்ட சட்டம், வில்காரரே மட்டை செய்து விற்பதில் முடிந்தது. அவருக்கும் குடும்பம் இருக்கிறதே.

குழி ஏன் பதினெட்டு என்று கேட்டால் கோல்ஃப்காரர்கள் ஒரு கதை விடுவார்கள். ஒரு விஸ்கி பாட்டிலில் பதினெட்டு மடக்கு, குழிக்கு ஒன்று, பாட்டில் தீர்ந்தால் ஆட்டமும் தீர்ந்தது என்று. நம்புகிற மாதிரிதான் இருக்கிறது, ஆனால் பொய். செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் போக வர ஆடினால் 22 குழி. 1764-ல் முதல் நான்கு குழிகள் ரொம்பச் சுலபமாக இருக்கின்றன என்று இரண்டாகச் சேர்த்தார்கள். போகும்போது இரண்டு, வரும்போது இரண்டு குறைந்து 18 ஆயிற்று. அந்த ஊர் பெரிய ஊர் என்பதால் மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பதினெட்டாம் படிக்கு இருக்கிற தத்துவமெல்லாம் இதற்குக் கிடையாது.

பந்தின் கதைக்கு வருவோம். இதில் பெருமாள் வருகிறார்.

பழைய காலத்துப் பந்து தோலுக்குள் வாத்து இறகைத் திணித்துத் தைத்தது. ஒரு பந்துக்கு ஒரு தொப்பி நிறைய இறகு. கைதேர்ந்த ஆள் ஒரு நாளைக்கு மூன்று நான்கு பந்து செய்தால் பெரிய விஷயம். மழையில் நனைந்தால் பந்து ஊறிப்போகும், அடி தப்பினால் பிளந்துபோகும். விலையோ மட்டையைத் தாண்டும். 1843-ல் சிங்கப்பூரிலிருந்து மான்ட்கோமரி என்ற டாக்டர், மலாய் மரத்துப் பால் உறைந்த பிசின் ஒன்றை லண்டனுக்கு அனுப்பினார். கட்டாபெர்ச்சா என்று பெயர். சூடு காட்டினால் இளகும், ஆறினால் கல்லாகும். அதன்பின் நடந்ததாகச் சொல்லப்படும் சங்கதி இது. செயின்ட் ஆண்ட்ரூஸில் பேட்டர்சன் என்ற பாதிரியார் வீட்டுக்குக் கிழக்கேயிருந்து ஒரு மகாவிஷ்ணு சிலை வந்தது. வழியில் உடையாமலிருக்கச் சுற்றிலும் கட்டாபெர்ச்சாத் துண்டுகள். வீட்டார் சிலையைப் பார்த்தார்கள். பையன் ராபர்ட் பேக்கிங்கைப் பார்த்தான். அதை உருக்கி உருட்டி 1845-ல் கோல்ஃப் பந்து செய்தான்.

ராமானுஜர் 1017-ல் பிறந்த ஊரின் எல்லையில் உட்கார்ந்து இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கிறது. பாதிரியார் வீட்டுக்குப் போய் இறங்கியும் பெருமாள் யாரையும் மதம் மாற்றவில்லை, பந்தை மட்டும் மாற்றினார். இந்தக் கதையில் எவ்வளவு நிஜம், எவ்வளவு உப்பு மிளகாய் என்பதில் சண்டை உண்டு. 1848-க்குள் அந்தப் பந்து சந்தைக்கு வந்துவிட்டது என்பதில் சண்டை இல்லை.

வந்ததும் வயிறு எரிந்தது ஆலன் ராபர்ட்சனுக்கு. அந்தக் காலத்தின் முதல் நம்பர் ஆட்டக்காரர் அவர், இறகுப் பந்து செய்து விற்கிற முதலாளியும் அவரே. காணாமல் போன கட்டாபெர்ச்சாப் பந்துகளைப் பொடிப்பயல்களிடம் காசு கொடுத்து வாங்கி அடுப்பில் போட்டு எரித்தாராம். அவரிடம் வேலை பார்த்த டாம் மோரிஸ், ஒரு நாள் ஆட்டத்தில் தன் பந்துகள் தீர்ந்துபோய், கூட ஆடியவரிடம் இந்தப் புதுப் பந்தைக் கடன் வாங்கி ஆடிவிட்டார். எதிரே முதலாளி வந்துவிட்டார். பேச்சு முற்றி டாம் தனிக்கடை போட்டார். பிறகு கோல்ஃப் உலகமே அவரைப் பெரியவர் டாம் என்று கும்பிட்டது. ராபர்ட்சனும் கடைசியில் புதுப் பந்துதான் செய்தார். கிடங்கில் பழைய ஸ்டாக் தேங்கினால் முதலாளிகள் எப்படிப் பேசுவார்கள் என்று பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். வழவழவென்றிருந்த புதுப் பந்து நேராகப் பறக்கவில்லை, அடிபட்டுத் தழும்பேறிய பந்துதான் நன்றாகப் பறந்தது. அதைக் கண்டு வேண்டுமென்றே கொத்திவிட ஆரம்பித்தார்கள். இன்றைய பந்தின் குழிகுழியான அம்மைத் தழும்புக்கு அதுதான் ஆதி.

இப்போது கணக்கு. 'பார்' என்பது பங்குச் சந்தையிலிருந்து வந்தது. முகமதிப்பு என்று பத்திரிகைகளில் எழுதுவோமே, அது. 1870-ல் பிரெஸ்ட்விக்கில் ஓபன் போட்டி. டோல்மன் என்ற பத்திரிகைக்காரர் இரண்டு ஆட்டக்காரர்களிடம், தப்பே செய்யாமல் ஆடினால் பன்னிரண்டு குழிக்கு எத்தனை அடி என்று கேட்டார். 49 என்றார்கள். அதற்குப் 'பார்' என்று பெயர் வைத்தார் டோல்மன். மூன்று சுற்றுக்கு 147. பெரியவர் டாமின் பையன், சின்ன டாம், பத்தொன்பது வயது, 149-ல் முடித்து ஜெயித்தான். தொடர்ந்து மூன்றாவது வெற்றி என்பதால் விதிப்படி பரிசுப் பெல்ட்டை வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனான். கொடுக்க வேறு பரிசு இல்லை, அதனால் 1871-ல் போட்டியே நடக்கவில்லை. சில கமிட்டிகள் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான்.

தம்பி கேட்ட போகி இதற்கு இருபது வருஷம் கழித்துப் பிறந்தது. 1890-ல் கோவென்ட்ரி ஊர் ரோதர்ஹாம் என்பவர், ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி என்று நிர்ணயம் செய்து, ஆட்டக்காரர் அந்த எண்ணோடு மோதட்டும் என்றார். எதிராளி வராத நாளிலும் ஆடலாம். யோசனை கிரேட் யார்மத் கிளப்புக்குப் போயிற்று. அப்போது இங்கிலாந்தின் பாட்டுக் கொட்டகைகளில் பூச்சாண்டி வருகிறான், ஒளிந்துகொள் என்கிற மாதிரி ஒரு பாட்டு சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. அந்த எண்ணிடம் அடிமேல் அடியாகத் தோற்ற மேஜர் வெல்மன், இவன் சரியான பூச்சாண்டியாக அல்லவா இருக்கிறான் என்று அலுத்துக்கொண்டார். அந்தப் பூச்சாண்டிக்கு இங்கிலீஷில் போகி. பெயர் ஒட்டிக்கொண்டது.

1892-ல் போகி, ஆல்வர்ஸ்டோக்கில் ராணுவ கடற்படை அதிகாரிகளின் கிளப்புக்குள் நுழைந்தான். அங்கே ஒரு சிக்கல். உறுப்பினர்கள் எல்லாருக்கும் பதவி உண்டு. பதவி இல்லாத சாமான்யனோடு, அவன் கண்ணுக்குத் தெரியாதவனாகவே இருந்தாலும், எப்படிச் சரிக்குச் சரி ஆடுவது? கேப்டன் சீலி விடால் தீர்ப்புச் சொன்னார்: ஒரு நாளும் தப்புச் செய்யாமல் ஆடுகிறவர் கர்னலுக்குக் குறைந்த பதவியில் இருக்க முடியாது. அன்றிலிருந்து அவர் கர்னல் போகி. இல்லாத ஆளுக்குப் பதவி உயர்வு, அதுவும் ஒரே நாளில். பத்து வருஷமாக டிரெயினியாகவே இருக்கிற நம் பையன்கள் இதைப் படித்து மனம் உடையக் கூடாது.

ஏறிய கர்னல் இறங்கவும் வேண்டியிருந்தது. ரப்பர் நூல் சுற்றிய பந்து வந்தது, ஆட்டம் தேறியது, அமெரிக்கர்கள் பாரைத் தேர்ந்த ஆட்டக்காரனின் அளவாக இறுக்கினார்கள். போகி பாருக்கு ஓர் அடி அதிகம் என்று ஆயிற்று. ஒரு காலத்தில் தப்பே செய்யாதவர் என்று பெயரெடுத்த கர்னல், இன்று தப்புக்கே பெயர். அதைத்தான் ஜப்பான்காரர் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து புலம்புகிறார். பாய் எதுவும் கேட்கவில்லை.

கர்னல் அதோடு போகவில்லை. 1914-ல் ரிக்கெட்ஸ் என்ற ராணுவ பேண்டு மாஸ்டர், ஆல்ஃபோர்ட் என்ற புனைபெயரில் 'கர்னல் போகி' என்று ஒரு மார்ச் இசை அமைத்தார். கோல்ஃப் மைதானத்தில் ஓர் அதிகாரி, பந்து வருகிறது, ஒதுங்கு என்று கத்துவதற்குப் பதில் இரண்டு சுரத்தைச் சீட்டியடிப்பாராம், அதிலிருந்து பிறந்த மெட்டு என்பார்கள். 1957-ல் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படத்தில் கைதிகள் சீட்டியடித்துக்கொண்டு அணிவகுப்பது அந்த மெட்டுக்குத்தான். படம் எடுத்தது இலங்கையில், கித்துல்கல பக்கம், களனி ஆற்றங்கரையில். கதை நடப்பது ஜப்பான் ராணுவம் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையில். படத்தில் வெள்ளைக்காரக் கைதிகள் இருக்கிறார்கள், சீட்டி இருக்கிறது, பாலம் இருக்கிறது. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து அந்தப் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுக் காலராவிலும் பட்டினியிலும் செத்த பல்லாயிரம் தமிழர்கள் இல்லை. படத்துக்கு ஏழு ஆஸ்கர் கொடுத்தார்கள்.

பேர்டிக்கு வரலாம். அது அமெரிக்கச் சரக்கு. 1903 வாக்கில் அட்லாண்டிக் சிட்டி கிளப்பில் ஏப் ஸ்மித் என்பவர் அடித்த பந்து குழிக்குப் பக்கத்தில் விரற்கடை தூரத்தில் போய் நின்றது. அந்தக் காலத்து அமெரிக்கப் பேச்சில் அட்டகாசமான எதையும் பறவை என்பார்கள், நாம் 'செம' என்பது போல. பறவை மாதிரி ஒரு ஷாட் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்ட கையோடு ஸ்மித் சொன்னதுதான் முக்கியம்: பாருக்கு ஓர் அடி குறைத்து முடிப்பவனுக்கு இனிமேல் பந்தயப் பணம் இரட்டிப்பு. கூட இருந்தவர்கள் ஒத்துக்கொண்டார்கள். காசு சம்பந்தப்பட்டதால் பெயர் நிலைத்தது. அப்புறம் மனிதர்களுக்கு ஆசை அடங்குமா? இரண்டு அடி குறைத்தால் ஈகிள், கழுகு. மூன்று குறைத்தால் ஆல்பட்ராஸ், கடல் மேல் நாள்கணக்கில் பறக்கும் பெரிய பறவை. நான்குக்கு காண்டார், அது உலகத்தில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் நடந்திருக்கிறது. ஐந்துக்கு நெருப்புக்கோழி என்றும் பெயர் தயாராக இருக்கிறது. ஒருவரும் போட்டதில்லை. பறக்கத் தெரியாத பறவையை அந்த இடத்தில் வைத்தவன் விவரமானவன்.

நம்மூருக்கு இந்த ஆட்டம் சீக்கிரமே வந்துவிட்டது. 1829-ல் கல்கத்தாவில் கிளப். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதுதான் பழையது. மெட்ராஸில் 1884-ல் ஜிம்கானா கிளப் வந்தது, அதன் கோல்ஃப் மைதானம் கிண்டி குதிரைப் பந்தயத் திடலுக்கு நடுவில் அமைந்தது. மெட்ராஸ் கிளப் இந்தியரை உறுப்பினராகச் சேர்க்காத காலத்தில் 1873-ல் பிறந்தது காஸ்மாபாலிட்டன் கிளப், அதன் மைதானம் நந்தனத்தில். ஸ்காட்லாந்தில் கடலோரப் பனியில் தானாக முளைக்கும் புல், நம் வெயிலில் எங்கே முளைக்கும்? அதனால் இந்தியாவில் பல ஊர்களில் குழியைச் சுற்றி மணலில் எண்ணெய் கலந்து கெட்டித்துவைத்தார்கள். உலகம் முழுக்க 'கிரீன்' என்கிற இடத்துக்கு இங்கே 'பிரவுன்' என்று பெயர். பச்சை இல்லை என்று கூச்சப்படாமல் உள்ளதை உள்ளபடி சொன்ன ஒரே கோல்ஃப் சொல் அது. நியாயமாக அதற்கு ஒரு விழா எடுக்க வேண்டும்.

கிண்டி ரேஸ் நிலம் 160 ஏக்கர். 1946-லிருந்து 99 வருஷக் குத்தகை, ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். தண்டலத்தில் நான்கு பேர் தங்கும் அறையில் ஒரு பாய் விரிக்க ஒரு மாதத்துக்கே அதைவிட அதிகம் ஆகும். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்துக்கொண்டது. மழைநீர் தேங்கக் குளங்கள் வெட்ட ஆரம்பித்தார்கள். கோல்ஃபில் பந்துக்கு எமனாக மைதானத்தில் விடப்படும் குளம் குட்டைக்கு விதிப்புத்தகத்தில் 2018 வரை 'வாட்டர் ஹசார்டு' என்று பெயர். சென்னை அதை மனிதர்களைக் காப்பாற்ற வெட்டுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு இந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. இங்கே எங்கள் பக்கம் ஹசார்டு குறைந்துகொண்டே வருகிறது, ஏரிக்குப் போகிற கால்வாயில் பிளாட் போட்டுவிடுகிறார்கள்.

பையைச் சுமக்கிற ஆளுக்கு கேடி என்று பெயர். பிரெஞ்சு 'கேடே', வீட்டின் இளைய பிள்ளை. எடின்பரோ தெருவில் கூப்பிட்ட வேலைக்கு ஓடும் பையனாகி, கடைசியில் கோல்ஃப் பைக்குக் கீழே வந்து சேர்ந்தான். நம்மூரில் கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ ஒட்டியிருக்கும். ஆனால் இந்திய கோல்ஃபில் கேடிகள் செய்த கேடித்தனம் அழகு. 1991-ல் இந்தியன் ஓபனை ஜெயித்த அலி ஷேர், டெல்லியில் பை சுமந்தவர். 2009-ல் அதே கோப்பையை வாங்கிய சி. முனியப்பா, பெங்களூரில் பை சுமந்தவர். சமநிலையில் முடிந்து கூடுதல் குழியில் அவர் தோற்கடித்தது ஒரு கொரியாக்காரரை. இந்தத் தகவலை இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் பார்த்துப் பேசவும்.

முல்லிகன் பாக்கி. முதல் அடி சொதப்பினால் கணக்கில் சேர்க்காமல் இன்னோர் அடி தருகிற தாராளம் அது. ஒரு கதைப்படி, 1920-களில் கனடாவில் டேவிட் முல்லிகன் என்ற ஹோட்டல்காரர் மோசமான ரோட்டில் காரோட்டி மைதானத்துக்கு வந்தார். கை மரத்துப்போய்விட்டது, முதல் அடி எங்கேயோ போயிற்று, நண்பர்கள் பாவம் பார்த்தார்கள். அவர் வாலாஜாபாத் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் வந்து ஆறு மணி ஷிஃப்டுக்குப் பஞ்ச் செய்ததில்லை. செய்திருந்தால் மூன்று கேட்டிருப்பார்.

கடைசியாக ஒன்று. ஆபீஸில் 'பிலோ பார்' என்றால் வேலை சரியில்லை என்று பொருள். மைதானத்தில் பாருக்குக் கீழே போவதற்குத்தான் கோப்பை கொடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அதற்காக உயிரை விடுகிற மேனேஜர், திங்கட்கிழமை அதையே உங்கள் அப்ரைசல் ஃபாரத்தில் எழுதி இன்கிரிமென்ட்டை வெட்டுவார். இந்த முரண்பாட்டை அவரிடம் தாராளமாகச் சுட்டிக்காட்டலாம். கையெழுத்து ஆன பிறகு சுட்டிக்காட்டுங்கள்.